இரண்டு நாற்பதுக்கு ஓடிய வரி

ஜூன் 1, ஞாயிறு

நாளை மதியம் பெரிய வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரியின் ரிப்போர்ட் சர்வரை மாற்றப்போகிறேன். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் அசிடிட்டி மாத்திரை விளம்பரம். சரி, பெரிய வேலைகளைத் தேதி போட்டு எழுதிவைத்தால் பின்னால் எவனாவது கேள்வி கேட்கும்போது எடுத்து முகத்துக்கு நேராகக் காட்டலாம்.

லேபில் ரத்தப் பரிசோதனை இயந்திரங்கள் ஐந்து. அவற்றுக்குள் பழைய சர்வரின் முகவரி பதிந்து கிடக்கிறது. அதை மாற்றக் கம்பெனி இஞ்சினியர் சென்னையிலிருந்து வர வேண்டும். அந்த மகாராஜா மூன்று மாதமாக வந்துகொண்டே இருக்கிறார். ஆகவே நான் நடுவில் கை வைக்கிறேன். லேபுக்கும் சர்வருக்கும் இடையே ஒரு லினக்ஸ் கணினி நிற்கிறது, அதுதான் எங்கள் ஃபயர்வால். வருகிற ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும் அதன் உள்மூளையான கர்னல் நிறுத்தி, நான் எழுதிவைத்த ரூல்களை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தும் ரூல் என்ன சொல்கிறதோ அதன்படி உள்ளே விடும், அல்லது தூக்கி எறியும். கூடவே முகவரியைத் திருத்தி அனுப்பவும் சொல்லலாம். லேப் இயந்திரம் பழைய முகவரிக்கே அனுப்பட்டும். என் ரூல் அதை வழியில் மறித்துப் புது சர்வரின் முகவரியை எழுதி அனுப்பிவிடும். அனுப்பியவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆஸ்பத்திரியில் இது புரிகிற ஆள் நான் ஒருவன்தான்.

வீட்டுக்காரி வடிவு உளுந்து வாங்கிவரச் சொன்னாள். மறந்துவிட்டேன். ராத்திரி உப்புமா.

ஜூன் 2, திங்கள்

வெற்றி.

இரண்டரைக்கு ஆரம்பித்தேன். புறநோயாளிகள் கலைந்து, டாக்டர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம். ரூலைத் தொடுவதற்கு முன் மீட்பு வரி ஒன்று போட்டுக்கொள்வது என் இருபது வருடப் பழக்கம். ரூலில் ஒரு தப்பு செய்தால் அந்தக் கணினி நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். ஒரு தடவை அப்படி மாட்டிக்கொண்டு, திறந்துவிட நாங்குநேரி வரை பஸ் ஏறிப் போனவன் நான். அதனால், பத்து நிமிடத்தில் பழைய ரூல்கள் தாமாகத் திரும்பிவரும்படி ஒரு வரி. எல்லாம் சரியாக நடந்தால் அதை நானே எடுத்துவிடுவேன். இந்தக் காலத்துப் பையன்கள் இதற்கு வேறு கட்டளை வைத்திருக்கிறார்கள், ஒருமுறை ஓடித் தானே அழிந்துவிடுமாம். எனக்கு, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரான்தான் கைப்பழக்கம். நிமிடம் நாற்பது, மணி பதினான்கு, அப்புறம் மூன்று நட்சத்திரம். முடிந்தது.

இரண்டு முப்பத்திரண்டுக்குப் புது ரூல்களை ஏற்றினேன். லேபில் பெர்சிஸ் ஒரு சோதனை ரிப்போர்ட் அனுப்பினாள். அவள் லேப் டெக்னீஷியன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், எதையும் நிமிடம் போட்டு நோட்டில் எழுதுகிற பிள்ளை. ரிப்போர்ட் புது சர்வருக்கு வந்து, நாலாம் வார்டுத் திரையில் விழுந்தது. போனில், "பச்சை டிக் வந்துட்டு சார், ரெண்டு முப்பத்து நாலு" என்றாள். அதையும் எழுதியிருப்பாள்.

உடனே நிர்வாக அலுவலர் தாணுமூர்த்தி போன் செய்தார், பெரிய டாக்டரம்மா மேலே கூப்பிடுகிறார்கள் என்று. போனால் மீட்டிங் ஹாலில் எல்லோரும் நிற்கிறார்கள். ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய டாக்டரம்மாவே எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நம் ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம்கூட நிற்காமல் சர்வரை மாற்றிய ஆவுடையப்பன் என்று சொன்னார். கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். இங்கே சேர்ந்த பதினெட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பொன்னாடை.

நாலு மணிக்கு வார்டிலிருந்து போன். ரிப்போர்ட் வரவில்லையாம். போய்ப் பார்த்தால் பழைய ரூல்களே இருந்தன. கேக் அவசரத்தில் புது ரூல்களைச் சேமிக்காமல் போயிருப்பேன். மறுபடி ஏற்றிவிட்டேன். இதெல்லாம் சகஜம்.

ஜூன் 3, செவ்வாய்

மூன்றரை மணிக்கு மறுபடி புகார். மறுபடி பழைய ரூல். ஜெனரேட்டர் மாறும்போது கணினி அணைந்து எழுந்திருக்க வேண்டும். நாலு பத்துக்குச் சரிசெய்தேன்.

தாணுமூர்த்தி என்ன கோளாறு என்று கேட்டார். லேபில் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். சும்மா, வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

லீவு. அம்பாசமுத்திரத்தில் வடிவின் சித்தப்பாவுடைய புது வீட்டுப் பால்காய்ப்பு. போனை அணைத்து வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் சாப்பிட விட மாட்டார்கள். வடிவு என்னைக் கேட்காமலேயே என் பொன்னாடையைக் கொண்டுவந்து சித்தப்பாவுக்குப் போர்த்திவிட்டாள். ஏன் என்றேன். "பீரோல வச்சி பூஜையா பண்ணப் போறீங்க" என்றாள். பாயசம் நன்றாக இருந்தது.

ஜூன் 5, வியாழன்

காலையில் போனைத் திறந்ததும் தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று.

நாலாம் வார்டில் பேச்சித்தாய் என்ற அம்மாள், ஐம்பத்தெட்டு வயது, வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வருகிறவர். நேற்று மூன்று மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் ஏழுக்கு மேலே, இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரிப்போர்ட் வரவில்லை. தாமதம் என்று நினைத்திருக்கிறார். ஆறரை மணிக்கு அந்த அம்மாளுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிப் போனார்கள். இப்போது கண் திறந்திருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்று சொல்கிறார்கள்.

லேபில் டியூட்டி பெர்சிஸ். மூன்று முப்பத்தேழுக்கு ரிப்போர்ட் அனுப்பியதாகச் சொல்கிறாள். பச்சை டிக்கும் வந்ததாம். வார்டுக்கு இரண்டு தடவை போன் செய்து எங்கேஜாக இருந்ததால், டிக் வந்துவிட்டதே என்று விட்டுவிட்டாளாம். புது சர்வரில் தேடினார்கள். அப்படியொரு ரிப்போர்ட் இல்லை.

நான் ஒன்பது மணிக்கு உள்ளே வந்தபோது பழைய ரூல்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதியதை ஏற்றினேன். தாணுமூர்த்தி வந்து, உங்க பக்கம் ஏதும் உண்டா சார் என்று கேட்டார். சர்வர் பக்கம் சுத்தம் என்றேன்.

மதியம் மூன்றரைக்குப் பார்த்தேன். திரும்பவும் பழைய ரூல். மறுபடி ஏற்றினேன். எல்லோரும் பேப்பரில் எழுதிக் கையோடு கொண்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஜெனரேட்டர்தான்.

ஜூன் 6, வெள்ளி

பதினொரு மணிக்கு விசாரணைக் கமிட்டி. பெரிய டாக்டரம்மா டெல்லிக்குப் போயிருப்பதால் தாணுமூர்த்திதான் தலைமை. நர்சிங் சூப்பிரண்டு ஒருவர். விவரம் தெரிந்த ஆள் என்று என்னையும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். பெர்சிஸ் எதிரே. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவள் தன் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். அனுப்பிய ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நேரம் எழுதியிருந்தது. தாணுமூர்த்தி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரச்சினை வந்த பிறகு உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கிறது என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சார், நான் எல்லாத்தயும் சரிபாத்துட்டேன். திங்களும் செவ்வாயும் புதனும் நேத்தும், ரெண்டு நாப்பது வரைக்கும் போனதெல்லாம் வார்டுக்குப் போயிருக்கு. ரெண்டு நாப்பதுக்கு அப்புறம், நீங்க வந்து சரிபண்ணுற வரைக்கும்தான் ஒண்ணும் போகல. நாலு நாளும் அதே நேரம். அது ஏன்னு நீங்க பாருங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதிய நேரத்தில் நெட்வொர்க்கில் நெரிசல் கூடுதலாக இருக்கும், நேரம் ஒத்துப்போவது தற்செயல் என்றேன். பச்சை டிக் வந்தது என்கிறாளே என்று நர்சிங் சூப்பிரண்டு கேட்டார். சர்வர் வாங்காமல் டிக் வராது, சர்வரிலோ ரிப்போர்ட் இல்லை என்றேன். இரண்டும் உண்மைதான்.

பொய்ப் பதிவு என்று எழுதி, பெர்சிஸைத் தற்காலிகமாக நீக்கினார்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சர்வர் அறைக்குப் போய்ச் சில பழைய வரிகளை நீக்கிச் சுத்தம் செய்தேன். வழக்கமான பராமரிப்பு.

ஜூன் 7, சனி

இன்று வார்டிலிருந்து ஒரு புகாரும் இல்லை. நேற்று மதியத்திலிருந்தே இல்லை.

இரண்டு நாற்பதுக்குச் சும்மா ஃபயர்வாலைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ரூலுக்கும் பக்கத்தில் அதைக் கடந்து போன பாக்கெட்டுகளின் எண்ணிக்கை இருக்கும். ரூல்களைப் புதிதாக ஏற்றினால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு நாற்பது ஆயிற்று, நாற்பத்தொன்று ஆயிற்று. எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

வெளியே வரும்போது தாணுமூர்த்தி எதிரே வந்தார். சந்தோஷமாக இருந்தார். "பாத்தீங்களா சார், அந்தப் பொண்ண அனுப்புன மதியத்துல இருந்து ஒரு ரிப்போர்ட் தவறல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கழுத்து தானாக ஆடியது.

ஜூன் 8, ஞாயிறு

ஸ்கூட்டரைக் கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன் என்று வடிவு சொல்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

இன்றுதான் கண்டுபிடித்தேன்.

போன திங்கட்கிழமை போட்ட மீட்பு வரியை நான் எடுக்கவே இல்லை. பொன்னாடைக்காக மாடிக்கு ஓடியவன் அப்படியே மறந்துவிட்டேன். மூன்று நட்சத்திரம் என்றால் எல்லா நாளும், எல்லா மாதமும், எல்லாக் கிழமையும் என்று அர்த்தம். தினமும் சரியாக இரண்டு நாற்பதுக்கு அந்த வரி ஓடி, என் புது ரூல்களை அழித்துப் பழைய ரூல்களைக் கொண்டுவந்தது. பழைய ரூலில் முகவரி திருத்தம் கிடையாது. ரிப்போர்ட் நேராகப் பழைய சர்வருக்கே போனது. மூன்று வாரம் எதற்கும் ஓடட்டும் என்று அதை நான்தான் அணைக்காமல் வைத்திருந்தேன். அது சமர்த்தாக வாங்கி வைத்துக்கொண்டு பச்சை டிக் அனுப்பியிருக்கிறது. வார்டுத் திரைகளோ புது சர்வரை மட்டும்தான் பார்க்கின்றன.

பழைய சர்வரைத் திறந்து பார்த்தேன். நூற்றுப் பதினாறு ரிப்போர்ட்டுகள். பேச்சித்தாய், பொட்டாசியம் 7.2, வந்து சேர்ந்த நேரம் மூன்று முப்பத்தேழு. பெர்சிஸ் நோட்டில் எழுதியதற்கு ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை.

ஜெனரேட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, கணினி எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறது என்று கேட்க ஒரே ஒரு வார்த்தை தட்டினால் போதும். இப்போது தட்டினேன். இருநூற்று நாற்பது நாள்.

சொல்லத்தான் வேண்டும். பேச்சித்தாய் ஐ.சி.யூ.விலிருந்து வெளியே வரட்டும், பெரிய டாக்டரம்மா டெல்லியிலிருந்து திரும்பட்டும், அப்புறம் சொல்கிறேன்.

ஜூன் 11, புதன்

பெர்சிஸ் இன்று ஆபீசுக்கு வந்திருந்தாள். கண்ணாடி வழியே பார்த்தேன். தாணுமூர்த்தி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கடிதம். எழுதிக் கொடுத்தால் பணிநீக்கம் என்று போடாமல், தானே விலகியதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஒரு கையெழுத்துக்காக அந்த ஃபைல் என் மேசைக்கும் வந்தது, நானும் கமிட்டியாயிற்றே. "என் கவனக்குறைவால் ரிப்போர்ட் அனுப்பப்படாமல் போனது. அனுப்பியதாகப் பதிவேட்டில் எழுதியது தவறு" என்று இருந்தது. எழுத்து மணிமணியாக இருந்தது. "கவனக்குறைவால்" என்ற இடத்தில் மட்டும் பேனா அழுந்தி, பேப்பர் பின்பக்கம் புடைத்திருந்தது.

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, மறந்துவிட்ட வேலை எதுவோ இருப்பதுபோல் எழுந்து வேகமாக நடந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. த்தூ.

ஜூன் 12, வியாழன்

வடிவு, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 14, சனி

பேச்சித்தாய் பிழைத்துவிட்டார். நேற்று வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வார்டுக் கணினியைப் பார்க்கிற சாக்கில் போனேன். அது நன்றாகத்தான் ஓடியது, மூடித் திறந்துகொண்டு நின்றேன். அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ரஸ்க் தின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரமாக அங்கேயே நிற்கிறேனே என்று அவரே பேச்சுக் கொடுத்தார்.

"ஊசி போடுத எடமெல்லாம் ஒரே வலி சார். அந்தக் கண்ணாடி போட்ட பிள்ள குத்துனா எறும்பு கடிச்சாப்லதான் இருக்கும். அவளாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு எம் மவன் சொல்லுதான். எனக்கு மனசு ஒப்பல. அவ எங்க, லீவுல இருக்காளா?"

ஆமாம், லீவு என்றேன்.

ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று என்று சொல்வார்கள், நான் எதையும் யோசித்துக்கூடச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்கிறது. பழகிப்போய்விட்டது போலிருக்கிறது. இந்தப் பக்கத்தின் அடியிலும் அசிடிட்டி மாத்திரைதான்.

ஜூன் 16, திங்கள்

பெரிய டாக்டரம்மா வந்துவிட்டார். ஆகவே சொல்ல வேண்டிய நாள். காலையில் குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினேன். மாடிப்படியில் வலது பக்கம் திரும்பினால் பெரிய டாக்டரம்மா அறை. நான் இடது பக்கம் திரும்பித் தாணுமூர்த்தி அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். மீட்பு வரி, பழைய சர்வர், நூற்றுப் பதினாறு ரிப்போர்ட். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துட்டு. பேச்சித்தாய் வீட்டு ஆளுங்களும் சமாதானமாயிட்டாங்க. இப்ப நீங்க போயிக் கிளறுனா ஆஸ்பத்திரி பேரு என்னத்துக்கு ஆகும், உங்க பேரு என்னத்துக்கு ஆகும்? இருவதாம் தேதி அந்தப் பழைய பெட்டிய அழிக்கணும்னு நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீங்க. அழிச்சிருங்க. நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல."

வெளியே வந்ததும் முதலில் வந்தது நிம்மதி. ஒரு காபி குடித்தேன். அந்த நிம்மதியை எழுதத்தான் கை கூசுகிறது. நான் சொல்லிவிட்டேன், அவர்தான் வேண்டாம் என்றார் என்று பாதிக் கோப்பை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துதானே இடது பக்கம் திரும்பினேன்.

ஜூன் 18, புதன்

பெர்சிஸ் நம்மூர் வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபுக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். அவர்கள் இங்கே போன் செய்து விசாரித்தார்களாம். பதிவேட்டில் பொய் எழுதுகிற பெண் என்று தாணுமூர்த்தி சொல்லிவிட்டார். நல்ல லேப் எதிலும் இனி எடுக்க மாட்டார்கள், ரத்தம் தொடுகிற வேலையில் முதலில் கேட்பது அதைத்தானே. இதை அவரே கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். நான் அவருக்குச் சட்னி தள்ளிவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

அழிக்க வேண்டிய நாள். பத்து மணிக்குப் பழைய சர்வர் முன்னால் உட்கார்ந்து கட்டளையைத் தட்டிவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி. அதற்கப்புறம் நூற்றுப் பதினாறும் இருக்காது, அவள் நோட்டுக்கு உலகத்தில் வேறு சாட்சி இருக்காது. எனக்கு ஓய்வு பெறும் வரை வேலை இருக்கும். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

தட்டியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பிறகு நூற்றுப் பதினாறு ரிப்போர்ட்டையும், வந்து சேர்ந்த நேரத்தோடு, பிரிண்டரில் போட்டேன். பாதியில் பேப்பர் தீர்ந்து, ஸ்டோருக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டு வாங்கி வந்தேன். கிரான் ஓடிய பதிவையும் எடுத்தேன். ஜூன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் பதினாலு நாற்பது. ஆறாம் தேதி இல்லை. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் போட்டேன்.

மூன்று மணிக்குச் சமாதானபுரத்தில் பெர்சிஸ் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு, வாசலில் கொடியில் அவளுடைய வெள்ளைக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்றாள், பழக்கத்தில் வந்துவிட்டது. உடனே முகம் மாறியது. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் தாள் கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவள் நான் சொல்வதைக் கேட்டபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நேரத்துக்கும் பென்சிலால் டிக் போட்டாள். மூன்று முப்பத்தேழில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கிரான் பதிவை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆறாம் தேதி ஏன் ஓடல?"

எடுத்துவிட்டேன் என்றேன்.

"எத்தன மணிக்கு?"

பன்னிரண்டு இருக்கும் என்றேன்.

"கமிட்டி முடிஞ்சி நான் இறங்கிப் போன நேரம். அப்ப நான் ரெண்டு நாப்பதுன்னு சொன்னப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. அப்படித்தான சார்?"

ஆமாம் என்றேன்.

அது உண்மை. இந்த டைரியில் ஒன்பதாம் தேதி "இன்றுதான் கண்டுபிடித்தேன்" என்று எழுதியிருப்பது பொய். அவள் இரண்டு நாற்பது என்று சொன்ன அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். நிமிடம் நாற்பது, மணி பதினான்கு என்று என் விரல்கள் தட்டியது ஞாபகம் வந்தது. அதற்கு அப்புறம்தான் தற்செயல் என்றேன். வழக்கமான பராமரிப்பு என்று எழுதியதும் பொய். யாரும் படிக்காத டைரியில்கூட என்னால் ஒழுங்காக எழுத முடியவில்லை.

பெர்சிஸ் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தாள்களை அடுக்கி, கிளிப் போட்டாள். மன்னித்துவிடும்மா என்றேன்.

"சொன்னா போதாது சார். எழுதிக் குடுங்க. நான் எழுதித்தான குடுத்தேன்."

ஜூன் 21, சனி

காலையில் வடிவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். பத்து நாளா வயிறு சரியில்லன்னு என்னைச் சீரகத் தண்ணி போட வச்சீங்களே என்று மட்டும் சொன்னாள். பிறகு டிபன் பாக்ஸை வழக்கம்போல் பையில் வைத்தாள்.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பெர்சிஸைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பெரிய டாக்டரம்மா அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், நோட்டும் தாள் கட்டும் மடியில். தாணுமூர்த்தி எங்களை ஒன்றாகப் பார்த்தார். என்னை முறைத்தார். விறுவிறுவென்று தன் அறைக்குள் போய்விட்டார்.

கடிதத்தை முதலில் அவளிடம் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது.

"என் கவனக்குறைவால் இந்தப் பெண்மீது பழி விழுந்தது" என்று எழுதியிருந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "வரிய எடுக்க மறந்தது கவனக்குறைவு. அத யாரும் செய்யலாம், நானும் செய்யலாம். எம்மேல பழி விழுந்தது அதுனாலயா சார்?"

நர்ஸ் ஒருத்தி டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள், நாங்கள் இருவரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டோம். பெர்சிஸ் தன் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள். நான் பெஞ்சில் தாளை வைத்து, "என் கவனக்குறைவால்" என்பதை அடித்துவிட்டு மேலே "நான் தெரிந்தே பேசாமல் இருந்ததால்" என்று எழுதி, அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.